தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

தையல்காரி வீட்டில் இருந்த கட்டில் அவளுடைய நாத்தனார் வீட்டுக் கட்டில். மேசை, நாத்தனார் புதுசு வாங்கியதும் இங்கே வந்தது. ஜன்னல் திரை நாத்தனார் வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்தது. இங்கே தரையைப் பெருக்கிக்கொண்டு தொங்கும். ஊருக்கெல்லாம் புதுத்துணி தைத்துக் கொடுக்கிறவள், தன் வீட்டுக்கென்று புதுசாக ஒரு பொருளைத் தொட்டதில்லை. நாத்தனாரைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாரிக் கொடுக்கிற மனசு. வம்பே அதுதான்.

"அடுப்படி அலமாரிய மாத்திட்டோம். பழசு சும்மாதான் கெடக்கு. ஞாயித்துக்கிழமை வண்டியில ஏத்திட்டு வரேன்" என்று நாத்தனார் போனில் சொன்னபோது தையல்காரிக்குச் சுருக்கென்றது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில், தண்ணீர் குடித்து உப்பிப்போன அலமாரியை அன்றைக்குத்தான் பிய்த்துப் போட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு என்ன வரவேண்டும் என்று அவள் மனசுக்குள் எப்போதோ வெட்டித் தைத்து வைத்திருந்தாள்.

"இந்தத் தடவ நானே செய்யப் போறேங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் பஸ் ஓட்டுகிறவன், சுலபத்தில் பதறமாட்டான். இப்போது பதறினான். "ஞாயித்துக்கிழமைக்குள்ளயா? முடியலன்னா அக்கா கொண்டாந்து எறக்கிடும். வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லம்மா."

"எனக்கு மட்டும் இருக்கா? அதான் அதுக்குள்ள நிக்க வைக்கணும்ங்கறேன்."

பிளைவுட் கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே பளபளவென்று ஒரு பலகையைக் காட்டினார். "சரி, இது கதவுக்கு. உள்ள வர்றதுக்கு வேற காட்டுங்க" என்றாள். "உள்ளதானேம்மா, எவன் பாக்கப் போறான்? எதையாவது போடுங்க" என்று அவர் மூலையைக் கைகாட்டினார். இவளுக்குச் சுள்ளென்று வந்தது. லைனிங் துணி மட்டமாக இருந்தால் சட்டை எத்தனை நாள் உழைக்கும்? பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே சந்து தெரிந்ததைத் தள்ளினாள். தட்டும்போது பொத்தென்று சத்தம் கேட்டதையும் தள்ளினாள். கடைசியில் தேறியது, முகமெல்லாம் முடிச்சும் கறையுமாக ஒன்று. ஆனால் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்காத பசை, கல் மாதிரி கெட்டி.

"மூஞ்சி சரியில்லியேம்மா" என்றார் கடைக்காரர்.

"பொண்ணா பாக்க வந்திருக்கேன்? கட்டுங்கண்ணே!"

அளந்து, அறுத்து, முடிச்சுக் குழிகளில் மரத்தூள் மக்கு அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தாள். "இந்தப் பக்கம் சுவத்தத்தானே பாத்துக்கிட்டு நிக்கப் போகுது, அதுக்கும் எதுக்கு?" என்று கேட்டான் புருஷன். "ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பலக வளைஞ்சுக்கும்ங்க" என்று சொல்லிவிட்டு, விளிம்புகளுக்கு இன்னொரு பூச்சு கொடுத்தாள். பழைய அலமாரி தண்ணீர் குடித்தது விளிம்பு வழியாகத்தான்.

சனிக்கிழமை மத்தியானம், எல்லாவற்றையும் சேர்த்து முடுக்குவதற்கு முன்னால், ஒரு பக்கப் பலகையை மட்டும் நிறுத்திப் பார்த்தாள். மேடைக் கல்லுக்கு அடியில் நுழையமாட்டேன் என்றது பலகை. இதென்ன கூத்து, அத்தனை தடவை அளந்தாளே! வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வார்னிஷுக்கு அடியில் சாக்பீஸ் கோடு தெரிந்தது. அளவு சரிதான். ஆனால் அறுத்தது கோட்டின் மேல் இல்லை, அரை இஞ்ச் தள்ளி. தையலுக்கு விடுகிற அரை இஞ்ச்! ஒவ்வொரு பலகைக்கும் நாலு பக்கமும் விட்டிருந்தாள். பாழாய்ப்போன கைப்பழக்கம்.

புருஷன் தரையில் உட்கார்ந்தே விட்டான். "பலகைய எங்கடி மடிச்சுத் தைக்கப் போற?" அவன் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. விடிந்தால் வண்டி வந்துவிடும்.

ஆனது ஆகட்டும் என்று மேல் விளிம்பை அறுத்துக் கல்லுக்கு அடியில் தள்ளினாள். பின் விளிம்பு சுவரில் முட்டியது. நடுவில் மட்டும்தான் முட்டியது. மேலேயும் கீழேயும் விரல் நுழைகிற சந்து.

"ஏங்க! இங்க வாங்களேன்! சுவருக்குத் தொப்பைங்க!"

"என்னாது?"

"தொப்பை! சரியா வெட்டியிருந்தா இந்தச் சந்து அப்படியே நின்னிருக்கும். அரை இஞ்ச் இருக்குல்ல? அத வெச்சு ஒட்ட வெட்டிடலாம்!"

தொப்பைக்காரர்களுக்கு உடுப்பு தைத்துத் தேய்ந்த கை அது. சுவரின் வளைவுப்படியே பலகையில் மேலிருந்து கீழ்வரை சாக்பீஸால் கோடு இழுத்தாள். அவன் அறுத்தான். தள்ளினார்கள். அப்பப்பா, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பலகை சுவரோடு ஒட்டிக்கொண்டது! அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மற்ற பலகைகளையும் அதே மாதிரி திருத்தி, அறுத்த விளிம்புகளுக்கு மறுபடி வார்னிஷ் அடித்து, மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து இறங்கியபோது அலமாரி கதவோடு நின்றுகொண்டிருந்தது. நாத்தனார் கதவைத் திறந்தாள். குனிந்தாள். உள்ளே கையை விட்டுப் பின்பக்கம்வரை தடவினாள்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் அண்ணி."

வாசலிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "அக்கா, எறக்கவா?"

புருஷன் கூரையைப் பார்த்தான். தையல்காரி புதுக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி" என்றாள்.

நாத்தனார் நிமிர்ந்தாள். "இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நீ வேணாம்னு சொன்னதில்லியே! உனக்குப் பிடிக்குதுன்னுல்ல நான் பாட்டுக்கு அனுப்பிட்டிருந்தேன்? வாயத் தொறந்து சொன்னாதானே தெரியும்?" அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப அந்தக் கட்டிலு?"

"அதுவும் வேணாம் அண்ணி."

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யப்பா வண்டிக்காரரே, எறக்காதீங்க! உள்ள வாங்க, ஒரு கட்டில் ஏத்தணும்!"

"அக்கா, ராத்திரி நாங்க எங்க படுக்கறது?" என்று அலறினான் தம்பி.

அவன் பெண்டாட்டியின் காதில் அது விழவே இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு, கட்டில் காலியாகப் போகிற இடத்தை அளக்க ஆரம்பித்திருந்தாள்.