பழைய விண்டோஸில் கிடந்த வட்டைப் பட்டியல்

என் கணவர் இறந்து நாலரை வருடங்களுக்குப் பிறகு, அவர் எழுதிவைத்த ஒரு பட்டியலைத் தேடி வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வன்னியில் போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொல்லிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. கல்லடியில் நான் இருந்த வாடகை அறைக்கு அப்போதெல்லாம் யாரும் வருவதில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டும், பக்கத்து வீட்டைத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

வந்தவர் வட்டை விதானை. வட்டை என்கிற வயல் தொகுதியில் எந்த வயல் யாருடையது, வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எந்த நாளில் என்பதையெல்லாம் பார்க்கிற பொறுப்பு அவருடையது. சமாதான காலத்தில் என் கணவர் வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியராக இருந்தார்; ஊராருக்கு அவர் ‘சேர்’. விதானை கேட்டதற்காக அந்த வட்டையின் விபரம் முழுவதையும் தன் கணினியில் ஏற்றிவைத்திருந்தார். அச்சடித்த தாள்கள் விதானையிடம் இருந்தன. சண்டை வந்து சனம் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அவையும் போயின.

“ஆக்கள் திரும்பி வந்திட்டாங்க மகள். வரம்பெல்லாம் பத்தையாக் கிடக்கு. மாரி வெள்ளாமைக்கு முன்னம் ஆர்ர காணி எது எண்டு பிரிச்சுக் குடுக்கணும். ஆளுக்கொரு கதை சொல்றாங்க. சேர்ர கொம்பியூட்டர் இருக்கா?”

இருந்தது. சுனாமிக்கு இரண்டு நாள் முன்னர் அது பழுதாகி, நகரத்தில் ஒரு திருத்தும் கடையில் கொடுத்திருந்தார். அந்த ஞாயிறு காலை நான், பிள்ளை பெற்ற என் தங்கைக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நின்றேன். வீட்டில் அவர் மட்டும். மூன்றாம் நாள் அவரைக் கண்டெடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மிஞ்சியது. ஒரு மாதம் கழித்துக் கடைக்காரர் கணினியைத் திருத்திக் கொண்டுவந்து தந்தார். எங்கள் சாமான்களில் எஞ்சியது அது ஒன்றுதான். நான் ஒருநாளும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. சீலைத் துண்டால் மூடி, மேலே அரிசி வாளியை வைத்திருந்தேன்.

விதானைக்கு முன்னால் வாளியை இறக்கிவைத்து மின் ஆளியைப் போட்டேன். உள்ளே ஏதோ கருகும் மணம் வந்தது. திரை இருண்டே கிடந்தது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனோம். அங்கே கணினிக் கடை வைத்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர். ஊர் முழுக்க அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “போர்ட் எரிஞ்சி போச்சி தங்கச்சி. ஆனா டிஸ்க் நல்லாக் கிடக்கு” என்றார். டிஸ்க்கைக் கழற்றித் தன் கடையிலிருந்த புதுக் கணினியில் பூட்டினார். கோப்புகள் தெரிந்தன. பட்டியலைத் திறந்தால் தமிழ் இல்லை. புள்ளியும் கோடும் அந்நிய எழுத்துமாகத் திரை நிறைந்தது. என் கணவர் தானே ஒரு சின்ன மென்பொருள் எழுதி, எழுத்துகளுக்கும் தானே ஒரு குறியீடு வைத்து, விண்டோஸ் தொண்ணூற்றெட்டில் ஓடவிட்டிருக்கிறார். புதிய விண்டோஸ் அதைத் தொடங்கக்கூட மறுத்தது.

“அப்ப ஏலாதா?” என்று விதானை கேட்டார்.

“பழசைப் புது மெசின்ல எழுப்பிப் பாப்பம்” என்றார் காக்கா.

விதானை ஊருக்குத் திரும்பினார். நான் கடையிலேயே இருந்தேன். எனக்குப் போக வேறு இடமில்லை. காக்கா என் கணவரின் டிஸ்க்கிலிருந்தே கணினியைத் தொடக்கினார். பழைய விண்டோஸின் வானமும் மேகமும் திரையில் வந்தன. அவர் கணினியைப் போடும்போதெல்லாம் குசினியிலிருந்து நான் பார்த்த படம் அது. அடுத்த கணம் மேகம் மறைந்து, நினைவகம் போதாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

காக்கா சிரித்தார். “போதாதா? இந்த மெசின்ல பழசைப்போல பத்து மடங்கு இருக்கு. இதுக்கு அவ்வளவையும் எண்ணத் தெரியா தங்கச்சி. கூடிப் போனா இல்லை எண்டு நினைக்குது.” அவர் இரண்டு நினைவகக் குச்சிகளையும் உருவி எடுத்து, இழுப்பறையைக் கிண்டி, கொள்ளளவில் மிகச் சிறிய ஒன்றைத் தேடிச் செருகினார். மூன்றாம் முறை அது எழும்பியது. நிறங்கள் பதினாறுதான். எழுத்துகள் கொழுத்துத் தெரிந்தன. சத்தம் இல்லை. பென்டிரைவை அது கண்டுகொள்ளவில்லை. அதற்கு அச்சு இயந்திரத்தையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் பட்டியல் திறந்தது, தமிழில்.

அச்சடிக்க வழியில்லாததால், பார்த்துக் கையால் எழுதுவதென்று முடிவாயிற்று. தினமும் காலையில் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போவேன். கடையின் பின்பக்கம் ஒரு மேசையில் இருந்து, பெரிய கொப்பி ஒன்றில் ஒவ்வொரு பெயராக எழுதுவேன். மத்தியானம் காக்காவின் மனைவி வீட்டிலிருந்து சோறு அனுப்பினார். முதல் நாள் வேண்டாமென்றேன். “அலையில எங்கட வீட்டிலயும் ரெண்டு பேர் போனவங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, காக்கா சோற்றுக் கோப்பையை வைத்துப் போனார். பிறகு நான் மறுக்கவில்லை.

பட்டியலில் கடைசியாக ‘குறிப்பு’ என்று ஒரு நிரல் இருந்தது. அதில் என் கணவர் தன் பாட்டுக்கு எழுதியிருந்தார். ஒருவருக்கு: ‘இடது காது கேளாது. வலப்பக்கம் நின்று பேசவும்.’ இன்னொருவருக்கு: ‘தம்பியோடு பேச்சு இல்லை. இருவரையும் ஒரே நாளில் கூப்பிட வேண்டாம்.’ ஒரு பெண்ணுக்கு: ‘தேநீர் தருவார். சீனி அள்ளிக் கொட்டுவார். முதலே சொல்லிவிட வேண்டும்.’ நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாயிருந்தது. வீட்டில் அவர் அதிகம் பேசாதவர். பள்ளியால் வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அதற்காக எத்தனையோ நாள் கோபித்திருக்கிறேன். இவ்வளவு மனிதரை அவர் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அந்த வட்டையில் எனக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கரும் இருந்தது. ஆறாம் நாள் அந்த வரி வந்தது. அப்பாவின் பெயர், காணியின் எல்லை, தண்ணீர் முறை. குறிப்பில், ‘மூத்த மகளுக்குரியது. அவளுக்கு வயலில் விருப்பமில்லை. தண்ணீர் முறை தவறாமல் நானே பார்க்க வேண்டும்.’

என் பெயர்கூட இல்லை. மற்றவர்களைப் போல நானும் ஒரு வரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, அந்தக் குறிப்பையும் விடாமல் கொப்பியில் எழுதினேன்.

பட்டியல் முடிந்த அன்று காக்கா கேட்டார், “இந்த மெசினை இப்படியே வச்சிரட்டுமா? ஒரு மாசமெண்டாலும் வச்சிரலாம்.”

“வேணாம் காக்கா. அது உங்கட யாவாரச் சாமான்.”

அவர் டிஸ்க்கைக் கழற்றித் தாளில் சுற்றித் தந்தார். பெரிய குச்சிகளைத் திரும்பப் பூட்டிப் புதிய விண்டோஸை ஏற்றத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியே வந்தேன்.

காணி பிரிக்கும் கூட்டம் விதானையின் ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. விதானை கொப்பியை விரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஓம் என்று சிலர் எழுந்தார்கள். சில பெயர்களுக்கு ஒருவரும் எழவில்லை. அப்போது யாராவது ஒருவர், “அவர் இல்லை, மகள் வந்திருக்கா” என்பார். விதானை பெயரை வெட்டிப் பக்கத்தில் எழுதுவார். இரண்டு மூன்று இடத்தில் சத்தம் கூடியது. கொப்பியைக் காட்டியதும் அடங்கியது. மத்தியானத்துக்குள் கிழக்கு வாய்க்கால் காணிகள் முழுவதும் பிரித்தாயிற்று.

எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை தந்திருந்தார்கள். வந்து பேசியவர்கள் எல்லாரும் சேரைப் பற்றித்தான் பேசினார்கள். நல்ல மனிசன், நல்ல மனிசன் என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல அவர்கள் தண்ணீரையும் விதைநெல்லையும் பற்றித் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

“கொப்பி இஞ்சயே இருக்கட்டும் மகள்” என்றார் விதானை.

“ஓம், அது உங்களுக்குத்தானே” என்றேன். பஸ்ஸில் மண்டூர்த் துறைக்கு வந்தேன். பாதை என்கிற படகு கரையில் நின்றது. வாவியைக் கடந்து கார்களையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற அந்தத் தட்டைப் படகில் ஒரு மோட்டார் சைக்கிள்காரரும் நானும் மட்டும் ஏறினோம். ஓட்டுபவர் என் பின்னால் துறையைப் பார்த்தார்.

“உங்களோட ஆரும் வரக் கிடக்கா?”

“இல்லை, நான் மட்டுந்தான்” என்றேன்.

அவர் கயிற்றை அவிழ்த்தார்.