கோட்டையைச் சுற்றி

பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த அந்த வாரம் முழுவதும் கரமனை வீட்டிலிருந்து கச்சேரி ஆபீசுக்கு நான் நடந்தே போனேன். இருந்த நாலைந்து குதிரை வண்டிகளிலும் வக்கீல்கள் ஏறிக்கொண்டுவிடுவார்கள். மூடிய கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் குமாஸ்தா வேலைக்குப் போக முடியாது. கிழக்கே கோட்டையை எட்டுவதற்குள் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து தம்பானூர், அப்புறம் மேடு. போய்ச் சேரும்போது ஹாஜர் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே சிவப்பு மசியில் கோடு விழுந்திருக்கும். மூன்று கோடு விழுந்தால் ஒரு நாள் லீவு போய்விடும்.

நான்காம் நாள், தினமும் எனக்கு டிக்கெட் கிழித்துத் தரும் கண்டக்டர் கிள்ளிப்பாலத்தில் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னை இப்படி நடக்கவிட்டு இவர் சாயா குடிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி எதுக்குக் கோட்டை சுத்திப் போறீங்க? வயல் வரம்பு வழியா தைக்காடு ஏறினா பாதி தூரம் அல்லே?" என்றார்.

"பஸ் இப்படித்தானே போகும்" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அபத்தம் எனக்கே உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. "பஸ் ஆள் ஏத்தணும், அதனால சுத்தும். சாமி வழியில யாரை ஏத்தப்போறீங்க?"

வரம்பு கண்ணெதிரே கிடந்தது. கால் இரண்டும் கெஞ்சின. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் கோட்டையைச் சுற்றித்தான் போனேன்.