கல்தொட்டிச் சிவப்பு மீன்

மீன் என்றால் எங்கள் ஊரில் குழம்புக்கு. அதை வளர்க்கப் போகிறேன் என்று ஒரு மனுஷன் கப்பலிலிருந்து பாட்டிலோடு வந்து இறங்கினால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். எங்கள் அப்பாவைப் பார்த்து அப்படித்தான் சிரித்தது. மலாயாவில், பினாங்கில் ஒரு துணிக்கடையில் மூட்டை கட்டுகிற வேலை அவருக்கு. எப்போதாவது ஒருதரம்தான் ஊருக்கு வருவார். மற்றவர்கள் அங்கிருந்து குடையும் டார்ச் லைட்டும் தைலமும் கொண்டு வருவார்கள். அப்பா ஒரு வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் சிவப்பு மீன் கொண்டுவந்தார். கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில், அந்தப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி ஊர்வரைக்கும் நடந்தே வந்தாராம். என்னை அப்படித் தூக்கியிருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. ஆனால் துடுப்பையும் வாலையும் விரித்துவிட்டால், அடேயப்பா, பட்டுப்பாவாடைதான். அங்கே அதைச் சண்டை மீன் என்பார்களாம். தன் இனத்தில் இன்னொரு ஆணைக் கண்டால் கடித்துக் குதறிவிடுமாம். அதனால் அதற்கு எப்போதும் ஒற்றை வாசம்தான்.

முற்றத்தில் சும்மா கிடந்த கல்தொட்டியை அப்பா தேய்த்துக் கழுவினார். அடியில் ஆற்றுமணல் பரப்பி, ஊருணியிலிருந்து வேலம்பாசியைக் கொண்டுவந்து ஊன்றினார். அந்தக் கொடி பச்சென்று தழைத்த பிறகுதான் மீனை விட்டார். என்னைப் பெற்ற ஆத்தாவுக்குப் பாடமும் நடந்தது. பித்தளைக் குடத்துத் தண்ணீர் ஆகாது, மண்பானையில் ஊறவிட்ட தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சோற்றுப் பருக்கை போட்டால் தண்ணீர் நாறும். கொசுப்புழுவும் எறும்பு முட்டையும் போடலாம். காக்கை கொத்தாமல் மேலே கூடையைக் கவிழ்க்க வேண்டும். சுகமாக இருந்தால் அது பாசி ஓரமாகத் தண்ணீர்மேல் சின்னச் சின்னதாய் நுரை கட்டும். அதுதான் அடையாளம். பிள்ளை பெற்றவளுக்கே இத்தனை பத்தியம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்பா திரும்பக் கப்பலேறப் புறப்பட்ட அன்று ஆத்தா தொட்டிப் பக்கத்தில் நின்று அழுதாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இந்தா புள்ள, எதுக்கு அழுகுற? இது நொர விட்டுச்சுன்னா நான் அங்கிட்டு நல்லாருக்கேன்னு வச்சுக்க."

அழுகையை நிறுத்தச் சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். அழுகிற பிள்ளைக்கு நிலாவைக் காட்டுவதில்லையா, அந்த மாதிரி. ஆத்தா அதைச் சத்தியமாகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான் என்றார்கள். கடுதாசி நின்றது, பணம் நின்றது, கப்பல் நின்றது. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு முக்கி முனகி ஓடிய அந்தக் காலத்துப் பஸ்ஸில் ஏறித் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் போய், மலாயாவிலிருந்து வந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்துவிட்டு வருவார். வெறும் கையோடு வருவார். வந்ததும் கால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விடுவார். ஆத்தா முகத்தைப் பார்க்கப் பயம்.

ஆத்தாவுக்கு மிச்சம் இருந்தது அந்த நுரைதான். விடிந்ததும் என்னைத்தான் அனுப்புவாள். நுரை இருக்கிறது என்று நான் வந்து சொன்னால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும், ஆத்தா பேசுவாள், சில நாள் சிரிக்கக்கூடச் செய்வாள். இல்லை என்றால் முடிந்தது. சித்தப்பாவுக்கும் எனக்கும் சோற்றை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஒரு கையால் என் நெற்றியைத் தொட்டுக்கொண்டே முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மீனைக் கண்டாலே ஆத்திரமாக வரும். ஒரு சுண்டுவிரல் மீனுக்கு இருந்த மரியாதை பெற்ற மகள் எனக்கு இல்லையே.

அந்தக் கோடையில் எங்கள் கிணற்றைத் தூர் வாரினார்கள். தூர் வாரி ஊற்று ஏறியதும் நாலு விரால் குஞ்சு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைத் துப்புரவாக வைத்திருக்கும். சித்தப்பா கண்மாயிலிருந்து ஒரு சட்டியில் குஞ்சுகள் கொண்டுவந்தார். விரால் குஞ்சு சின்னதில் சிவப்பாகத்தான் இருக்கும். ஆத்தா சட்டியைக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை விட்டு ஒன்றை அள்ளித் தொட்டியில் போட்டாள். அது விராலாச்சே மதினி என்று சித்தப்பா சொல்லத்தான் செய்தார்.

"பச்சக் குஞ்சு, அது என்ன பண்ணும்? அவுகளும் அங்க ஒத்தையில கெடக்காக, இதுவும் ஒத்தையில கெடக்கு. தொணையா இருக்கட்டும் தம்பி. பெருசானா எடுத்துக் கெணத்துல விட்டுர்றேன்."

கிணற்றுக்கு நல்லது தொட்டிக்கும் நல்லது என்றுதான் அவள் நினைத்தாள். யாரைக் குறை சொல்ல? தொட்டித் தண்ணீர் நிஜமாகவே தெளிந்தது. அதைவிட, அந்த நாட்களில் சிவப்பு மீன் என்றைக்கும் இல்லாதபடி நுரை கட்டியது. துணை கிடைத்த சந்தோஷம் என்றாள் ஆத்தா. விரால் சிவப்பு மாறிக் கறுத்து என் விரலைவிட நீண்டுவிட்டது. எடுத்துவிடுங்க மதினி என்று சித்தப்பா இரண்டொரு தரம் ஞாபகப்படுத்தினார். நாளைக்கு நாளைக்கு என்றாள். எடுத்த மறுநாள் நுரை நின்றுபோனால்? அந்தப் பயத்தில் அவள் கை தண்ணீருக்குள் போகவே இல்லை.

ஒருநாள் காலையில் கூடையைத் தூக்கினேன். நுரை கலைந்து கிடந்தது. சிவப்பைக் காணோம். விரால் மட்டும் அடியில், வயிறு உப்பி, அசையாமல் கிடந்தது.

ஆத்தா வந்து பாசியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். சித்தப்பா ஓடிவந்து காக்கை தூக்கியிருக்கும், துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று என்னென்னவோ சொன்னார். நான் தூக்கும்வரை கூடை கவிழ்த்தபடியே கிடந்ததை அவரும் பார்த்திருந்தார். பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. விராலைப் பிடித்துத் தரையில் அடிக்கப் போனார். ஆத்தா அவர் கையைத் தடுத்தாள்.

"அத விடுங்க. அது பசிக்குத் தின்னுச்சு. கொண்டாந்து விட்டவ நானு."

அந்தக் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலை.

மறுநாள் குளித்துவிட்டு வந்த ஆத்தாவின் நெற்றியில் பொட்டு இல்லை. சித்தப்பா வாசல்படியிலேயே நின்றுவிட்டார். சேதி ஒன்றும் வராமல் இப்படிச் செய்யக்கூடாது, அண்ணன் எங்கேயாவது உயிரோடு இருப்பார், நல்ல வீட்டில் பார்க்கிற வேலையா இது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார்.

"வந்துருச்சு தம்பி" என்றாள் ஆத்தா.

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, சாகும்வரைக்கும். யுத்தம் முடிந்து கப்பல்கள் வந்தன. எலும்பும் தோலுமாகச் சில பேர் வந்தார்கள். சித்தப்பா நாகப்பட்டினத்துக்கே போய் நின்று பார்த்தார். ஜப்பான்காரன் அப்பாவை ரயில் ரோடு போடக் காட்டுக்குக் கொண்டுபோனான் என்றார் ஒருவர். அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார் என்றார் இன்னொருவர். எந்த மாசம், எந்தக் கிழமை என்று யாருக்கும் தெரியாது. திதி கொடுக்கக்கூட ஒரு நாள் இல்லாமல் போனது. மீன் காணாமல்போன நாளைத்தான் ஆத்தா வைத்துக்கொண்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஆத்தா பொட்டில்லாமல் வந்த அந்தக் காலையில் எனக்குத் தெரிந்தது வேறு. ஆத்தா என்னை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். யுத்தம் வந்த பிறகு அப்படி என்னை அவள் கூப்பிட்டதே கிடையாது. எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்து நிதானமாகத் தலை பின்னினாள். பூக்காரி தந்த கனகாம்பரத்தை எப்போதும் நறுக்கிப் பாதியைத் தான் வைத்துக்கொண்டு பாதியைத்தான் எனக்குத் தருவாள். அன்றைக்கு நறுக்கவில்லை. முழுச் சரத்தையும் என் தலையில் சுற்றிவிட்டாள். மீன் போனதே நல்லதாயிற்று, ஆத்தா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று இருந்தது எனக்கு. தலை கொள்ளாத பூவோடு தெரு முழுக்க ஓடினேன். வீடு வீடாக நின்று, பாதி இல்லை, முழுசும் எனக்குத்தான், எங்கள் ஆத்தா கொடுத்தாள் என்று திரும்பித் திரும்பிக் காட்டினேன். பெண்கள் வேலையை விட்டு எழுந்து என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தன் பிள்ளைக்கு இத்தனை பூ இல்லையே என்ற பொறாமை அவளுக்கு என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.