கீரப்பாளையத்து உப்புநீரும் என் மகளின் கையெழுத்தும்

செவ்வாய்க்கிழமை காலை 6.52. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் இரண்டாவது விசில் அடித்தபோது மகள் ஹெப்சி அழைத்தாள்.

"மா, நான் போட்ட கணக்கு தப்பா இருக்கும்போல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாத."

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன், சுவிட்ச் ஆஃப்.

சொல்லாதே என்றாள். ஆனால் நான் சொல்லாத இடமே பாக்கியில்லை. ஹெப்சி நிலவியல் படித்து ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கீரப்பாளையம் பக்கம் நெல்வயலுக்கு வெகு ஆழத்தில் கிடக்கும் உப்புநீரில் லித்தியம் உண்டா, எவ்வளவு, எடுத்தால் செலவுக்குக் கட்டுமா என்று கண்டு சொல்வது அவள் பொறுப்பு. முதல் மாதிரி நன்றாக வந்திருக்கிறது என்று அவள் சொன்ன வாரமே சர்ச்சிலும் நான் வேலை செய்யும் தாலுகா அலுவலகத்திலும் பரப்பிவிட்டேன். காய்கறிக் கடைக்காரருக்குக்கூட, பேட்டரிக்குள் இருப்பது லித்தியம் என்று பாடம் நடத்தியிருந்தேன்.

விடுப்பு கேட்டு ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

7.40. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி. டிக்கெட் நாற்பது ரூபாய். தூரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜன்னலில் கடல்காற்று பிசுபிசுத்தது. இத்தனை வருடம் இந்தச் சாலையில் போய் வந்திருக்கிறேன். காலடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று வழிநெடுக அது ஒன்றையே யோசித்தேன். பாலத்தின்மேல் மறுபடி அழைத்துப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப்தான்.

9.05. சிதம்பரம். ஆட்டோக்காரருக்கு ஊர் பெயரைச் சொன்னதுமே புரிந்துவிட்டது.

"அந்த பேட்டரி போர்வெல்லுக்கா போறீங்க? எரநூத்தம்பது குடுங்கக்கா."

"எட்டு கிலோமீட்டருக்கா?"

"வயலுக்குள்ள கொண்டாந்து உடணுமே. லித்தியம் வரட்டும், ஆட்டோவ கரண்டுல ஓட்டுறேன். அப்ப கொறைச்சுக்கறேன்."

சிரிக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

9.40. கீரப்பாளையம் தாண்டி, வாய்க்கால் ஓரமாக ஒரு மண்பாதை. நீலத் தார்ப்பாய்க் கொட்டகை, ஒரு ஜெனரேட்டர், வயல் நடுவே தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய். பூமிக்குள் இருப்பதை அளக்க இவ்வளவுதான் மேலே தெரிகிறது. முழங்கால்வரை சேறோடு ஹெப்சி வந்தாள்.

"ஏம்மா வந்த?"

"போன் ஏன் ஆஃப்?"

"சார்ஜ் போச்சு, ஜெனரேட்டரும் ஓடல. அதுக்கா கடலூர்லேந்து வந்த?"

அவள் முழுதாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தேன். வயலுக்குச் சொந்தக்காரர் செல்வராசு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்கம்மா. ஊர்ல என்னை இப்ப யாரும் மாமான்னு மட்டும் கூப்புடுறதில்ல. பேட்டரி மாமாவாம்."

ஹெப்சி விளக்கினாள். நீர் நிற்கும் பாறை எவ்வளவு பரப்பு, எவ்வளவு தடிமன், அதன் துளைகளில் எவ்வளவு நீர், ஒரு லிட்டரில் எவ்வளவு லித்தியம். நான்கையும் பெருக்கினால் மொத்த அளவு. எடுப்பது கட்டுமா என்பது வேறு கணக்கு. எவ்வளவு நீரை மேலே கொண்டுவர முடியும், பிரித்தெடுக்க என்ன செலவு, மிஞ்சும் உப்புநீரை எங்கே விடுவது?

"நெல்லுல மட்டும் உட்றாதீங்க," என்றார் செல்வராசு.

துளை போட்டபோது எடுத்த மாதிரியில் லித்தியம் நிறைய இருந்தது. போன வாரம் பல மணி நேரம் பம்பு ஓட்டிய பிறகு எடுத்ததில் அதில் கால் பங்குகூட இல்லை. நேற்றுத்தான் முடிவு வந்தது. ஒரே துளை, இரண்டு விடை. முதல் மாதிரியை நம்பி அவள் அனுப்பிய மதிப்பீடு சென்னையில் எல்லார் கையிலும் இருக்கிறது.

"துளை போட்ட மஸ்தான் பாய்க்குத்தான் தெரியும் மா. துளை போடுற ராடு மரையில பூசுறதுக்கு லித்தியம் கலக்காத கிரீஸ் சென்னைலேந்து ஒரு டப்பா வந்துச்சு. அது தீந்து, லித்தியம் கலந்த கடை கிரீஸ பூசியிருந்தா, மாதிரியே கெட்டிருக்கும். நேத்து லால்பேட்டையில அவரு வீட்டுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் கேட்டாரு, ஒண்ணும் சொல்லாம வெச்சிட்டாரு."

12.15. செல்வராசுவின் போனில் சென்னை மேலாளரிடம் பேசினாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"காரணம் தெரியாம சின்ன நம்பரை எப்படிம்மா எடுக்கறது? முதல் நம்பரே இருக்கட்டும்."

"காரணம் தெரியற வரைக்கும் பொறுங்க சார்."

"அஞ்சு மணி வரைக்கும்தான்."

2.00. எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் சொல்றதையே போட்டுடேன்டி. அவர்தானே பெரியவர். வேலை போயிட்டா?"

"கையெழுத்து என்னுது மா. நீ உங்க ஆபீஸ்ல அளக்காத நெலத்துக்கு ஃபைல் எழுதுவியா?"

இருபத்தாறு வருடமாக வருவாய்த் துறையில் இருக்கிறேன். அளக்காமல் எழுதச் சொல்லி எத்தனையோ பேர் வந்து நின்றதுண்டு. நான் எழுதியதில்லை, வீட்டில் அதைப் பெரிதாகப் பேசியதுமில்லை. இவள் எப்போது கவனித்தாள்? அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், பயம் போகாமலே, நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது செம்மண்டலத்தில் யார் லித்தியத்தைப் பற்றிக் கேட்டாலும், "கட்டாதுன்னு என் பொண்ணு எழுதிக் குடுத்துட்டா" என்கிறேன். முன்பைவிடச் சத்தமாகவே சொல்கிறேன்.

ஆனால் அன்று 3.30 ஆனது, 4.00 ஆனது. ஹெப்சி மடிக்கணினியில் இரண்டு அறிக்கைகளைத் திறந்து வைத்திருந்தாள். பார்வை மண்பாதையிலேயே இருந்தது.

4.25. வாய்க்கால் ஓரமாக ஒரு மொபெட் வந்தது. வெள்ளைத் தொப்பி, ஹேண்டில்பாரில் ஆடும் மஞ்சள் பை. மஸ்தான் பாய் இறங்கி, பையிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்து ஹெப்சியிடம் நீட்டினார்.

"சென்னை டப்பா மூணாம் நாளே தீந்துபோச்சு மேடம். புவனகிரியில இத வாங்கிப் பூசுனேன். தண்ணி போருக்கு கை நெறைய அள்ளித்தான் பூசுவோம். ராடு கழலணும்ல. அதே கை, அதே பழக்கம்."

டப்பாவில் லித்தியம் கிரீஸ் என்றே அச்சிட்டிருந்தது.

"ஏன் பாய், எந்நெலத்துல இல்லாத லித்தியத்த டப்பாவுல கொண்டாந்தா ஊத்துன?" என்றார் செல்வராசு. அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

மஸ்தான் பாய் சிரிக்கவில்லை. ஹெப்சி செல்வராசுவின் போனில் டப்பாவைப் படம் பிடித்துவிட்டுத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். 'அளவு உண்டு, செறிவு குறைவு, இன்றைய விலையில் எடுப்பது கட்டாது. முந்தைய மதிப்பீடு என்னுடைய பிழை.' அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தேன்.

மஸ்தான் பாய் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அம்மாவா? நேத்து போன்ல சொல்லிச்சு, 'பாய், உங்க பேரு வராது, கவனிக்காம உட்டது நான்னு எழுதிக்கறேன், நெசத்த மட்டும் சொல்லுங்க'ன்னு. கேட்டுட்டு போன வெச்சிட்டேன். இன்னிக்கு மதியம் லுஹர் தொழுதுட்டுதான் மனசு தெளிஞ்சுது, கெளம்பிட்டேன். முப்பது வருசமா போர் போடுறேம்மா. தண்ணி வரலன்னா எல்லாரும் என்னத்தான் ஏசுவாங்க. தப்ப தாம்மேல போட்டுக்கறேன்னு சொன்னது உங்க பொண்ணு ஒண்ணுதான்."