நான் அடைத்த குழாய்

என் தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட்டது நான்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அது பெண்ணின் சகோதரன் செய்ய வேண்டிய வேலை. கழுவி முடித்ததும் மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். எனக்கும் போட்டார். மறுநாள் காலையிலேயே அதைக் கழற்றிப் பத்தரிடம் கொண்டுபோய் உரசிப் பார்க்கச் சொன்னேன். அசல் தங்கம் என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சந்தேகம் எனக்குத் தொழில். பினாங்குத் துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் சரிபார்க்கும் குமாஸ்தா நான். பட்டியலில் இல்லாதது ஏதோ பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லாரும் மேசை வேலைக்காரர்கள். மாப்பிள்ளையோ தோட்டப்புறத்திலிருந்து வந்து கார் பட்டறையில் கை கறுத்தவர். தங்கை அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டாள். வேண்டாமென்று முன்பே ஒரு முறை சொன்னதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர் ஜெலுத்தோங்கில் சொந்தப் பட்டறை போட்டார். அதே சமயம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. மரக் கம்பெனியில் ஓடிக் களைத்த ஒரு பெரிய ஃபோர்வீல் வண்டியை வாங்கியிருந்தேன். எட்டுப் பேர் உட்காரலாம். அதில் காட்டுக்குள் போக வேண்டும், ஆற்றங்கரையில் படுக்க வேண்டும் என்று ஆசை. ஆயர் ஈத்தாமில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு சீனர் அப்படிப் போகிற குழு ஒன்றை நடத்திவந்தார். முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். குழுவில் இன்னும் மூன்று பேர் தங்கள் வண்டிகளையும் காட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளக் காத்திருந்தார்கள். “உன் வண்டி ஆற்றைத் தாண்டட்டும். நல்லா இருந்தா மூணும் உன் மாப்பிள்ளைகிட்டயே வரும்” என்று தவுக்கே சொல்லியிருந்தார். வேறு வேலை கையில் இல்லாத புதுப் பட்டறை. அந்த மூன்று வண்டியை நம்பித்தான் தங்கை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அது எனக்கும் தெரியும்.

ஆறு வாரம் வண்டி பட்டறையில் நின்றது. நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். என் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடுவாரோ என்று ஆணியால் ஒவ்வொன்றிலும் கீறி வைத்திருந்தேன். அவர் வண்டியை உயர்த்தினார், பெரிய டயர் போட்டார், முன்னால் இழுவைக் கம்பி சுற்றும் வின்ச் வைத்தார், என்ஜினுக்கான மூச்சுக்குழாயைக் கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் ஏற்றினார். பின்பக்கம் படுக்கப் பலகை, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி.

“ஏன் மாப்பிள்ளை ரெண்டு பேட்டரி? ஒண்ணு போதாதா?”

“காட்டுல ராத்திரி லைட் போட்டுத் தூங்குவீங்க மச்சான். காலையில ஸ்டார்ட் ஆகலன்னா யாரு வந்து தள்றது? குரங்கா?”

சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தேன், இந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று.

வண்டி வந்த அன்று நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கோயிலைச் சுற்றிக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்தினேன். உடனே பானெட்டைத் திறந்தேன். வேறென்ன செய்வேன்! அங்கேதான் பார்த்தேன். விரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் பின்சக்கர அச்சிலிருந்து வண்டிக்கு அடியிலேயே ஓடிவந்து என்ஜின் பக்கத்தில் மேலே ஏறி, எதிலும் பூட்டாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அட பாவி, பிடிபட்டாயா என்று எனக்குள் ஒரு சந்தோஷம். பாதி வேலையில் விட்டிருக்கிறான். தண்ணீர் உள்ளே போனால் யார் பொறுப்பு? அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு கதை சொல்லுவார், நானும் தலையாட்ட வேண்டும். என் கைக்குட்டை ஒன்றைக் கிழித்து, இறுக்கி உருட்டி, மெழுகில் தோய்த்து அந்த வாயில் அடைத்தேன். அழகாக அடைத்தேன் என்று பெருமை வேறு.

அடுத்த வாரம் கெடா பக்கம் மரம் இழுக்கும் பாதையில் நான்கு வண்டிகளில் போனோம்; பட்டறைக்குக் காத்திருந்த அந்த மூன்று பேரும் தவுக்கேயின் குழுவோடு ஏறி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை என் பக்கத்தில். மேட்டில் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி, வண்டி கொதிக்கக் கொதிக்க ஆற்றில் இறங்கினோம். தண்ணீர் கதவு வரை. வண்டி யானை மாதிரி நடந்து அக்கரை ஏறியது. எல்லாரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் முகத்தை அன்றுதான் நான் அவ்வளவு வெளிச்சமாகப் பார்த்தேன்.

ஆற்றைத் தாண்டியதும் அச்சு எண்ணெயைத் திறந்து பார்ப்பது அந்தக் குழுவின் வழக்கம். தவுக்கே குனிந்து பின் அச்சின் திருகைக் கழற்றினார். விரலில் வந்தது எண்ணெய் இல்லை, பால் கலந்த கோப்பி.

“அபா மாச்சாம்? எப்படி இது? தண்ணி போயிருக்கே!” என்றார் மலாயும் தமிழுமாக.

எனக்குத் தலைக்கேறியது. “எனக்கு அப்பவே தெரியும்! பட்டறைக்காரன் வேலை இப்படித்தான் இருக்கும்!” என்று அந்த மூன்று வண்டிக்காரர்கள் எதிரிலேயே கத்தினேன்.

மாப்பிள்ளை வண்டியின் முன்பக்கம் போனார். பானெட்டைத் தூக்கினார். கை நேராக அந்தக் குழாய்க்குப் போனது. அடைப்பை உருவினார். மெழுகைச் சுரண்டினார். உள்ளே நீல ஓரம் தைத்த துணி. என் தங்கை ஒரே துணியில் வெட்டி, எனக்கும் அவருக்கும் ஆறு ஆறாகத் தைத்துக் கொடுத்த கைக்குட்டை. அதில் ஒன்று அப்போது அவர் கழுத்திலேயே இருந்தது.

என்னைப் பார்த்தார். துணியைச் சட்டைப் பைக்குள் போட்டார். தவுக்கேயிடம் திரும்பி, “என் தப்புதான் தவுக்கே. அச்சோட ரப்பர் சீல் சரியா வைக்கல” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை, ஆனால் என் துணி அது என்று புரிந்தது. அதுவே போதாதா? ஆனாலும் திறக்கவில்லை.

எண்ணெயை மாற்றிக்கொண்டு திரும்பும் வழியில், ஃபெரிக்குக் காத்திருக்கும்போது மட்டும் மெல்லச் சொன்னார். “அச்சுக்கும் மூச்சு வேணும் மச்சான். சூடா ஓடி வந்து பச்சைத்தண்ணியில இறங்கினா காத்தை உறிஞ்சும். குழா திறந்திருந்தா மேலேருந்து காத்து வரும். அடைச்சிட்டா சீல் வழியா தண்ணியைத்தான் உறிஞ்சும். நானும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் லா.” அவ்வளவுதான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று வண்டிகளும் செபராங் ஜெயாவில் வேறொரு பட்டறைக்குப் போயின. மாப்பிள்ளை தன் பட்டறையின் பாதி இடத்தை டயர் ஒட்டுகிறவனுக்கு விட்டார். நான் மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். என் மனைவி கொடுத்த தேநீரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“அண்ணே, நீங்க கல்யாணத்துக்கு முன்னாலயே சொன்னீங்க. நான்தான் கேக்கல. அவருக்கு வேலை தெரியாது போல. ஒரு சீலு கூட வைக்கத் தெரியலையே! பட்டறையை மூடிட்டு எங்கயாவது சம்பளத்துக்குப் போங்கன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாரு.”

என் சந்தேகம் இவளுக்குத் தொற்றிவிட்டது. அந்த மனிதன் வீட்டில்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சொன்னேன், கைக்குட்டையிலிருந்து எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. தேநீரை மேசையில் வைத்தாள்.

“காலைக் கழுவினதுக்கு மோதிரம் போட்டாரு. இப்ப உங்க மானத்தைக் காப்பாத்தினாரே, அதுக்கு நீங்க என்ன போட்டீங்க?”

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே ஆயர் ஈத்தாம் போய்த் தவுக்கேயின் கடை வாசலில் நின்று சொன்னேன். மூன்று பேரில் இரண்டு பேர் அங்கேயே ஆணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன். தவுக்கே சிரித்தார். “சரி லா, ஆனா வண்டியெல்லாம் அங்க முடிஞ்சு போச்சே” என்றார். அந்த மூன்றில் ஒன்றும் திரும்பி வரவில்லை. வேறு வண்டிகள் வர இரண்டு வருஷம் ஆயிற்று.

தங்கை என்னோடு மறுபடி பேசினாள், மெதுவாக. கைக்குட்டை மட்டும் தைத்துத் தருவதில்லை. மோதிரம் இன்னும் என் விரலில்தான் இருக்கிறது. அதை உரசிப் பார்த்ததை இதுவரை இருவரிடமும் நான் சொல்லவில்லை.