ஹெல்மெட்டில் சாய்ந்திருந்த ஆட்டம்

மல்லாக்கப் போட்ட மஞ்சள் ஹெல்மெட், அதற்குள் சாய்த்துவைத்த போன், நழுவாமலிருக்க மடித்துக் கொடுத்த ஒரு கையுறை. எங்கள் ஃபோர்மேனை நினைத்தால் அவர் முகத்துக்கு முந்தி எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. கல்ஃபில், புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குச் சாரம் கட்டும் வேலை. கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரையும் ஏற்றக் கூடாது. சாப்பிட்ட கையோடு ஷெட்டில் அட்டையை விரித்துக் கட்டையாகக் கிடப்போம். அவர் மட்டும் படுக்க மாட்டார். ஐரோப்பிய நாடுகளின் கூடைப்பந்துப் போட்டி நடக்கிற செப்டம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் ஆட்டத்தைக் கேம்ப் வைஃபையில் இறக்கிவைத்துக்கொண்டு அந்த நேரத்தில்தான் பார்ப்பார்.

கரூரில் மாவட்ட அணிக்கு ஆடியவர். முட்டி போனதும் ஆட்டம் போனது, கல்ஃபுக்கு வந்துவிட்டார். அவருக்கு லித்துவேனியா என்றால் உயிர். "நம்ம பெரிய ஜில்லா ஒண்ணோட சனங்கூட இல்லைங்கறான், ஊரே பந்தும் கையுமா திரியுதாமாடா" என்று சொந்தக்காரனைப்போலப் பெருமைப்படுவார். ஆட்டம் பார்த்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. "ஸ்கோரச் சொல்லிப்போடாத சாமி" என்று காலையிலேயே பஸ்ஸில் கையெடுத்துக் கும்பிடுவார். எவனாவது மெசேஜில் போட்டுக் கெடுத்துவிடுவான் என்று போனையும் ஃப்ளைட் மோடில் வைத்துவிடுவார். வயசு ஐம்பத்திரண்டு!

கல்ஃபில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒரு சாவு என்றால் உரியவனுக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். ரூம்காரனைக் கூப்பிட்டு, "கொஞ்சம் முடியல, பக்குவமா சொல்லுங்க" என்பார்கள். அவன் ஆளைச் சாப்பிட வைத்து, டிக்கெட்டுக்கும் ஆபீஸில் சொல்லிவிட்டு, பிறகுதான் மெல்ல ஆரம்பிப்பான். என் அப்பா செத்ததும் எனக்கு இப்படித்தான் வந்தது. முடியலை என்று சொன்னார்கள், போய்ப் பார்த்தால் சாம்பலைக் கரைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ஒரே அர்த்தம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த இடைவேளையில் ஃபோர்மேனின் தங்கை வீட்டுக்காரர், அவர் ரூம்காரனான என்னைப் போனில் கூப்பிட்டார். "மச்சான் லைன் கிடைக்கலைங்க. அம்மாவுக்கு ரொம்ப முடியல. பக்குவமா சொல்லுங்க" என்றவர் பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டார். கிழவி போய்விட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மனுஷன் ஹெல்மெட்டுக்கு முன்னால் குந்தியிருக்கிறார், முதல் பத்து நிமிஷம், முதல் குவார்ட்டர்தான் ஓடுகிறது, லித்துவேனியா ஆடுகிறது. போன உயிர் போய்விட்டது, இந்த ஆட்டத்தையாவது நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கடைசி நிமிஷத்தில் சமனாகி எக்ஸ்ட்ரா டைம் போனது. "பாத்தியாடா!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தார். அதையும் பார்த்து, லித்துவேனியா தோற்று, அவர் "ச்சே" என்று கையுறையை வீசிய பிறகுதான், அம்மாவுக்கு முடியலையாம் என்று சொன்னேன். "எப்ப கூப்பிட்டாங்க?" என்றார். "இப்பத்தான் ஃபோர்மேன்" என்றேன்.

அவர் வீட்டுக்குப் போட்டார். எதிர்முனையில் தங்கை அழுவது எனக்கே கேட்டது. அம்மா போய்ப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஒன்றரை மணி நேரமாகப் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, பையன் பேசுவான் பேசுவான் என்று கிடந்தாளாம். லைன் கிடைக்கலை என்று அவர் சொன்னாரே, முதலில் மகனுக்கே நேராகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். செத்திருந்தால் அப்படிப் போட மாட்டார்கள். பாவி எனக்கு அது உறைக்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பி வந்து, இரண்டு வருஷம் என்னோடுதான் வேலை பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கை வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்ட நேரத்தைச் சொல்லாமலா இருந்திருப்பார்? ஆனால் அவர் போன் அதற்குப்பின் ஃப்ளைட் மோடுக்குப் போகவே இல்லை. இடைவேளையில் எங்களோடு அட்டையில் படுத்து, தூங்காமல் கிடப்பார். பிறகு கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்.

இந்தச் செப்டம்பரில் மறுபடி அந்தப் போட்டி வந்தது. என்ன தோன்றியதோ, லித்துவேனியா ஆடிய ஒரு ஆட்டத்தை இறக்கி, ஷெட்டில் என் ஹெல்மெட்டை மல்லாக்கப் போட்டு, கையுறையை மடித்து முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். முதல் குவார்ட்டர் தாண்டவில்லை. நிறுத்திவிட்டுக் கரூருக்குப் போட்டேன்.

"ஃபோர்மேன், அன்னைக்கு எனக்கு முதல் குவார்ட்டர்லயே போன் வந்துருச்சு. நான்தான் சொல்லாம உக்காந்திருந்தேன்."

"தெரியும் சாமி" என்றார். "அந்த மேட்சு ஸ்கோரு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்குது. எங்கம்மா குரல்தான்டா மறந்துட்டே வருது."

வைத்துவிட்டார். நான் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். மூன்று மணியாக இன்னும் வெகுநேரம் இருந்தது.