விரல்விட்டு எண்ணிய மாரியம்மன் பாட்டு

பிறைசூடிய பெருமான் காக்க. இன்று ஆடி வெள்ளி.

மொன்றியலில், செயின்ட்-மிஷேல் தமிழ்க்கடைக்குக் கற்பூரம் வாங்க வந்த குவாதலூப் தீவுப் பெண், மாரியம்மன் பாட்டொன்றைப் பாடிக் காட்டுகிறாள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய பூட்டன் விட்டுச்சென்ற தமிழாம். பொருள் அவளுக்குத் தெரியாது. ஓதுவார்களையே திருத்திப் பழகிய என் திருவிரல்கள், இரண்டடிக்குள் ஏழு பிழைகளை மடித்து எண்ணி மகிழ்கின்றன.

அவளது பிரெஞ்சைக் கடைக்காரர் எனக்குத் தமிழாக்கிச் சொல்கிறார்: "நாளைக்குத் தாய்க்கு ஒப்பரேசனாம், ஐயா. பிழையாப் பாடினா அம்மன் கேக்க மாட்டாவோ எண்டு கேக்கிறா."

புத்தகம் பாராமல் ஒரு பதிகமும் முடிக்கத் தெரியாத பெரும்புலவன் நான், தொண்டையைச் செருமுகிறேன்.

"ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லும்."

"அப்ப விரல் மடிச்சு என்னத்தை எண்ணினியள்?"

"தாளம் போட்டனான்."

இதைப் படிப்போர் பாட்டெல்லாம், பிழையோடே, அம்மன் செவி சேர்க.